தாளாளரின் துவக்க அடி

தென்புறநகர் ஹாக்கி சங்கத்தில் ஹாக்கி ஆடுகிறவர்களும் சிலர் இருந்தார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சங்கத்தின் விழாக்களுக்கு வருகிறவர்களுக்கு இது சட்டென்று தெரிவதில்லை. தலைவர், செயல் தலைவர், கௌரவத் தலைவர், துணைத் தலைவர்கள், செயலாளர், அவருக்கு இணையாகச் சிலர், துணையாகச் சிலர், புரவலர்கள் என்று மேடை நிறைந்து ஒரு பக்கமாகச் சாயும். பந்தல்காரர் ஓடிவந்து கீழே இன்னொரு கம்பை முட்டுக் கொடுப்பார். இவர்களுக்கெல்லாம் பின்னால், தண்ணீர் கேன்களுக்குப் பக்கத்தில், காலுறையை முழங்கால்வரை இழுத்துவிட்டுக்கொண்டு சில பேர் நிற்பார்கள். நாற்காலி அடுக்க வந்தவர்கள் என்று பலரும் நினைப்பதுண்டு. அவர்கள்தான் அணி.

அந்த அணியில் பர்வேஸ் இன்சைட் ஃபார்வர்ட், கோல் அடிக்கிற முன்வரிசைக்காரன். பொழிச்சலூர்க்காரன். பகலில் செம்பாக்கத்தில் மாமாவின் பிளைவுட் கடையில் பலகை தூக்குவான். மாலையில் சேலையூர்ப் பக்கத்து மண் மைதானத்துக்கு வந்துவிடுவான். கோல்கீப்பரை மட்டும் எதிரில் வைத்து அடிக்கும் பெனால்டி ஸ்ட்ரோக்கில் அவனுக்கு ஒரு பெயர் இருந்தது. நிதானமாக ஒரு காலை எடுத்து வைத்து மணிக்கட்டை லேசாகத் திருப்புவான். கோல்கீப்பர் எந்தப் பக்கம் பாய்வது என்று யோசித்து முடிப்பதற்குள் பந்து உள்ளே இருக்கும். நகரத்து வங்கி அணி ஒன்றின் பயிற்சியாளர் ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு, "அடுத்த சீசனும் இதே மாதிரி ஃபார்வர்டுல ஆடு தம்பி. லீக் முடிஞ்சதும் கூப்பிட்டுக்கிறோம்" என்று சொல்லியிருந்தார். வங்கி அணி என்றால் வங்கி வேலை. அன்றிலிருந்து பர்வேஸ் மாமாவின் கடையில் பலகைகளை ஒரு விருந்தாளியைப் போலத்தான் தூக்கினான்.

அந்த அடுத்த சீசனைத்தான் சங்கம் அவனிடமிருந்து எடுத்துக்கொண்டது.

சங்கத்துக்கு ஒரு மரபு உண்டு. சிறப்பு விருந்தினர் ஒருவர் தம் கையால் பந்தை ஒரு தட்டு தட்டிவைக்காமல் எந்த ஆட்டமும் தொடங்கியதாகாது. இதற்குத் துவக்க அடி என்று பெயர். இது விதிப் புத்தகத்தில் இல்லையே என்று யாரோ ஒருமுறை கேட்டபோது, செயலாளர் பக்தவச்சலம், "சால்வைகூடத்தான் அந்தப் புத்தகத்துல இல்லை. போத்தாம இருக்கோமா?" என்றார். கேட்டவர் அதோடு உட்கார்ந்துவிட்டார்.

அந்த வருடம், சங்கத்தின் முயற்சி எதுவும் இல்லாமலேயே, அணி பிளே-ஆஃப் அரையிறுதிவரை வந்துவிட்டது. சங்கம் பரபரப்படைந்து ஒரு கூட்டம் போட்டது. பையன்களுக்குப் புதுப் பந்துகள் வாங்கலாமா என்று தொடங்கிய அந்தக் கூட்டம், யாரைச் சிறப்பு விருந்தினராக அழைப்பது என்பதில் முடிந்தது. ஏரிக்கரை ஓரமெல்லாம் பொறியியல் கல்லூரி முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. வண்டலூருக்கு அப்பால் அப்படிச் சிலவற்றை முளைக்கவைத்த கல்வி வள்ளல், தாளாளர், டாக்டர் தேவசிகாமணி வருவதாக ஒப்புக்கொண்டார்.

ஆட்டத்தன்று மேடை பிரமாதமாகப் போடப்பட்டிருந்தது. தாளாளரின் கார் நுழைவதை எல்லோரும் முதலில் பார்க்க வேண்டும் என்பதால், மேடையை வாசலைப் பார்த்துத் திருப்பியிருந்தார்கள். மைதானம் மேடைக்கு முதுகுப் பக்கம் இருந்தது. வெளியூரிலிருந்து வந்திருந்த நடுவர் கொஞ்ச நேரம் பொறுத்தார், கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு விசிலை ஊதி ஆட்டத்தைத் தொடங்கிவிட்டார். மேடையில் யாருக்கும் தெரியாது. முதல் பாதி முடிந்து அணி எலுமிச்சம்பழத் துண்டுகளைச் சப்பிக்கொண்டிருந்தபோது பக்தவச்சலம் ஒருமுறை திரும்பிப் பார்த்து, "இப்பவே சாப்பிட்டுட்டா எப்படிப்பா விளையாடுவீங்க?" என்று கடிந்துகொண்டார்.

இரண்டாம் பாதியின் கடைசியில் இரண்டு அணிகளும் ஆளுக்கு ஒரு கோல் அடித்திருந்தன. எதிரணித் தடுப்பாட்டக்காரன் ஒருவன் கோல் வாயில் பந்தைக் காலால் தடுத்துவிட, நடுவர் கையை நீட்டி பெனால்டி ஸ்ட்ரோக் என்றார். பர்வேஸ் பந்தைப் புள்ளியில் வைத்தான். எல்லோரும் விலகி நின்றார்கள். எதிரணிக் கோல்கீப்பர் கோட்டில் குனிந்தான். நடுவர் விசிலை ஊதினார்.

சரியாக அந்த நேரத்தில் கார் வந்தது. பேண்டு வாத்தியம் முழங்க, மாலையும் கழுத்துமாகத் தாளாளர் இறங்க, மொத்த மேடையும் அவரைச் சூழ்ந்துகொண்டு மைதானத்துக்குள் நடந்து வந்தது. பந்து அசையாமல் இருந்தது. ஆட்டக்காரர்கள் அசையாமல் நின்றார்கள். இதைப் பார்த்த பக்தவச்சலத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாத்தீங்களா சார், உங்களுக்காக எப்படிக் காத்துக்கிட்டு நிக்கிறாங்க! எல்லாத்தையும் ரெடியா வச்சிருக்காங்க!" என்றவர், பர்வேஸின் கையிலிருந்த ஸ்டிக்கைப் பிடுங்கித் தாளாளரின் கையில் கொடுத்தார்.

"சார், இது ஸ்ட்ரோக் சார்..." என்றான் பர்வேஸ்.

"ஸ்ட்ரோக்கோ கீக்கோ, பெரியவர் அடிக்கட்டும். நீ தள்ளு."

தாளாளர் குடையைப் பிடிப்பதுபோல ஸ்டிக்கைப் பிடித்து ஒரு தட்டு தட்டினார். பந்து கோலைப் பார்க்காமல், யோசித்து யோசித்து உருண்டு, பக்கவாட்டில் வைத்திருந்த டீ டிரம்மில் போய் மோதி நின்றது. பலத்த கைதட்டல். நடுவர் விதிப்படி நடப்பவர். விசில் ஊதியாயிற்று, பந்து நகர்ந்தாயிற்று. எனவே ஸ்ட்ரோக் முடிந்தது, கோல் இல்லை என்று கைகாட்டினார். அணியின் கோல்கீப்பர் ஜெபகுமார் அந்தக் கோடியிலிருந்து தலைக்கவசத்தோடு ஓடிவந்தான்.

"இன்னா மச்சான், உன் ஸ்டிக்க புடுங்கிக்கினாங்கோ, நீ பாத்துக்கினு நிக்கிற?"

"இன்னாடா பண்ண சொல்ற? மாலையெல்லாம் போட்டுக்கினு வராரு!"

ஆட்டம் மறுபடி தொடங்கியது. ஆனால் சங்கத்துக்கு அது தெரியாதாகையால், தன் அணியின் தடுப்பாட்டக்காரர்கள் மூவரை வரிசையாக நிறுத்தித் தாளாளருக்கு அறிமுகம் செய்துகொண்டிருந்தது. மூவரும் கைகுலுக்கிக்கொண்டிருந்தபோது எதிரணி அவர்களைச் சுற்றிக்கொண்டு போய் இரண்டாவது கோலைப் போட்டது. சற்று நேரத்தில் கடைசி விசில். தாளாளர் ஒலிபெருக்கியைப் பிடித்து, "இந்த வெற்றிப் பயணத்தைத் தொடங்கி வைப்பதில் பெருமைப்படுகிறேன்" என்றார்.

தோற்றுவிட்டோம் என்பது சங்கத்துக்கு மறுநாள் தெரிந்தது. உடனே ஆய்வுக் கூட்டம் கூட்டப்பட்டது. இடம், தலைவர் சிட்டிபாபுவுக்குக் குரோம்பேட்டையில் இருந்த சொந்தக் கல்யாண மண்டபம். வாசலில் 'தோல்வி ஆய்வு மாபெரும் பொதுக்குழு, அலைகடலெனத் திரண்டு வருக' என்று ஃபிளெக்ஸ் பேனர். அதில் சிட்டிபாபு செல்போனில் யாருடனோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். அடியில் அணியின் படமும் இருந்தது. பூ வேலைப்பாட்டுக்கு இடம் வேண்டியிருந்ததால் கழுத்துக்கு மேலே வெட்டியிருந்தார்கள்.

சிட்டிபாபு தலைமை உரையாற்றினார். "தோல்விக்கு நானே பொறுப்புன்னு சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் ஆகாது. ஆனா சொன்னா ராஜினாமா பண்ணணும். ராஜினாமா பண்ணினா இந்தச் சங்கம் என்ன ஆகும்? அதனால சங்கத்தோட நன்மையை மனசுல வச்சு, நான் பொறுப்பு இல்லைங்கிற கசப்பான முடிவை எடுத்திருக்கேன்." சிலர் நெகிழ்ந்துபோய் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

அடுத்து பக்தவச்சலம். "எத்தனையோ வருஷமா செயலாளரா இருக்கேன். ஒரு மேட்ச்சாவது பார்த்திருப்பேனா? சத்தியமா இல்லை. ஏன்? உழைப்பு! வந்தவங்களை உக்கார வைக்கணும், உக்காந்தவங்களுக்குச் சால்வை போத்தணும், போத்தினதைப் போட்டோ எடுக்கணும். பந்து எந்தப் பக்கம் போவுதுன்னு வேடிக்கை பாத்துக்கிட்டு நிக்கிற ஆள் நான் இல்லை."

தொழில்நுட்பக் குழுத் தலைவர் சவுரிமுத்துதான் விஷயத்தின் மையத்தைத் தொட்டார். அவர் எதையும் படிப்படியாகப் பார்க்கிறவர்.

"நம்ம சங்கத்துல இதுவரைக்கும் எந்தச் சிறப்பு விருந்தினரும் குறி தவறினதில்லை. சரிங்களா? தாளாளர் அடிச்ச பந்து டீ டிரம்முல பட்டுது. அப்போ அவர் டிரம்மைத்தான் குறி வச்சார். குறி வச்சது பட்டுது. ஆக, துவக்க அடி வெற்றி. ஆனா ஒரு ஸ்ட்ரோக் தவறிப்போச்சுன்னு நடுவர் சொல்றார். தாளாளரோடது தவறலை. அப்போ தவறின ஸ்ட்ரோக் யாரோடது?"

மண்டபம் பர்வேஸைத் திரும்பிப் பார்த்தது. கடைசி வரிசையில் வடையோடு உட்கார்ந்திருந்தவன் எழுந்து நின்றான்.

"அந்த ஸ்ட்ரோக்கை அடிக்க வேண்டியவன் நீதானே?" என்றார் சவுரிமுத்து.

"ஆமா சார்."

"அடிச்சியா?"

"எப்படி சார் அடிக்கிறது? ஸ்டிக்கை..."

"அடிச்சியா, இல்லையா?"

"இல்லை சார்."

"பந்தைத் தொடவே இல்லைன்னு ஒத்துக்கிறான்" என்று சவுரிமுத்து மேடைக்கு அறிவித்தார். "சரி, பெரியவர் கையில இருந்தது யாரோட ஸ்டிக்கு?"

"என்னோடதுதான். செயலாளர் சார் புடுங்கி..."

"ஆக, ஸ்டிக்கும் இவனோடது!"

ஜெபகுமார் பொறுக்காமல் எழுந்தான். "சார், துவக்க அடிக்குன்னு தனியா ஒரு பந்து வாங்கி வச்சிருந்தா இந்தப் பேஜாரே வந்திருக்காது சார்!"

இந்த யோசனை முறைப்படி விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது. பந்து இரண்டானால் குழப்பம் வரும் என்று நிராகரிக்கப்பட்டது. மேடையை இன்னும் அகலமாக்குவது ஒருமனதாக நிறைவேறியது. பொறுப்பின்றிப் பந்தைத் தொடாமல் நின்ற குற்றத்துக்காகப் பர்வேஸை ஒரு வருடம் விலக்கிவைப்பது என்பதும் நிறைவேறியது. கடைசியாக யாரோ, அடுத்த சீசனில் நம் வாய்ப்பு எப்படி என்று கேட்டார்கள்.

"பிரமாதம்!" என்றார் பக்தவச்சலம். "இப்பவே நாலு சிறப்பு விருந்தினர் தேதி குடுத்துட்டாங்க."

பர்வேஸ் வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னபோது அக்கா ஷாயிஸ்தா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்குடா தண்டனை?"

"பந்தை அடிக்காததுக்கு."

"அப்போ என்னையும் புடிச்சு உள்ள போடணும். நான்கூட அன்னிக்கு அடிக்கல."

"சிரிக்காதக்கா. ஒரு சீசன் ஆடலைன்னா அந்த பேங்க் சார் வேற ஆளைப் பாத்துடுவாரு."

ஷாயிஸ்தா மடிப்பதை நிறுத்தினாள். "மாமா காலையில போன் பண்ணாரு. புதுசா லோடு வருதாம். சீக்கிரம் வரச் சொன்னாரு" என்றாள் மெதுவாக.

சில வாரங்கள் பலகை தூக்கிய பிறகு, பர்வேஸைச் சிட்டிபாபு தனியாகக் கூப்பிட்டனுப்பினார். பக்கத்தில் பக்தவச்சலமும் இருந்தார். விவகாரம் சற்று நுட்பமானது. தாளாளர் டிரம்மைக் குறி வைத்து அடித்ததாகச் சங்கம் தீர்மானம் போட்டிருந்தாலும், அவருடைய கல்லூரிகளில் பிள்ளைகள் வேறு மாதிரிப் பேசிக்கொண்டிருந்தார்கள். கேண்டீனில் டீ டிரம்மைத் திறக்கும்போதெல்லாம் யாராவது விசில் அடித்தார்கள். தாளாளர் மனம் உடைந்துபோயிருந்தார்.

"அவருக்கு ஒரு பாராட்டு விழா வைக்கிறோம்" என்றார் சிட்டிபாபு. "விழாவுல ஒரு ஸ்ட்ரோக் அடிப்பார். அது கோலாகணும். கோல்கீப்பரா நீ நிக்கிற. இந்தப் பக்கம் பந்து வந்தா அந்தப் பக்கம் பாயிற. முடிஞ்சுது. அணியில உன் இடம் உனக்கு."

"நான் ஃபார்வர்ட் சார். கோலுக்கு ஜெபகுமார் இருக்கானே?"

"அவன் முகத்தைப் பார்த்தியா?" என்றார் பக்தவச்சலம். "பழக்கதோஷத்துல புடிச்சுத் தொலைச்சுட்டான்னா?"

பர்வேஸ் யோசித்தான். கண்ணுக்கு முன்னால் ஒரு பக்கம் வங்கிக் கட்டடத்தின் படிகள், இன்னொரு பக்கம் லோடு லாரியின் பின்கதவு. "பாயிறேன் சார்" என்றான்.

அணிக்கு ஒருநாளும் பயிற்சி ஏற்பாடு செய்திராத சங்கம், இந்தப் பாய்ச்சலுக்குத் துணைக் குழு அமைத்தது. குழு மாலைதோறும் நாற்காலி போட்டு உட்கார்ந்தது. பந்து ஈசானிய மூலையில் நுழைந்தால் கல்லூரிக்கு நல்லது என்று ஒரு புரவலர் சொன்னதால், பாய்ச்சல் அதற்கு எதிர்ப்பக்கம் என்று முடிவாயிற்று. பாய்ச்சலில் வருத்தம் போதவில்லை என்றார் ஒருவர். வருத்தம் கூடிவிட்டது, ஒரு வியப்பும் வேண்டும் என்றார் இன்னொருவர். தரையில் விழுந்து முட்டி சிராய்த்துக்கொண்ட பர்வேஸுக்கு, ஜெபகுமார் தன் கோல்கீப்பர் பேடுகளைக் காலில் இறுக்கிக் கட்டிவிட்டான்.

"இத்தினி வருசமா தடுக்கிறதுக்குத்தான் மச்சான் கத்துக்கினேன். வுடறதுக்கு இவ்ளோ வேலை கீதுன்னு தெரியாமப் பூட்ச்சு."

"நக்கல் பண்ணாதடா. ஒரு நாள் கூத்து. அப்புறம் லீக்குதான்."

"உனக்கு ஃபார்வர்டுல எடம்னு வாய வுட்டு சொன்னாரா?"

"அணியில இடம்னாரு."

ஜெபகுமார் கடைசி வாரை இழுத்துக் கட்டினான்.

பாராட்டு விழாவன்று அகலமாக்கிய மேடை மைதானத்தின் பாதியைப் பிடித்துக்கொண்டது. மீதி இடத்தில் கல்லூரிப் பேருந்துகளில் அழைத்துவரப்பட்ட மாணவர்கள் நின்றார்கள். விமானப்படைப் பயிற்சி விமானம் ஒன்று தலைக்கு மேலே வட்டமடிக்க, அதுவும் சங்கத்தின் ஏற்பாடுதான் என்று பக்தவச்சலம் ஒலிபெருக்கியில் ஒரு பெருமூச்சாலேயே தெரிவித்தார். சரவெடிக்காரர் ஊதுபத்தியோடு தயாராக இருந்தார். வரவேற்புரை, வாழ்த்துரை, சிறப்புரை எல்லாம் ஆனபிறகு தாளாளர் புள்ளிக்கு வந்தார். கோட்டில் பர்வேஸ் குனிந்து நின்றான்.

விசில். தாளாளர் தட்டினார். பர்வேஸ், ஒத்திகை பார்த்தபடி, வருத்தமும் வியப்புமாக எதிர்ப்பக்கம் பாய்ந்து புழுதியில் முகம் குப்புற விழுந்தான்.

வெடிச் சத்தம் கேட்கவில்லை. தலையைத் தூக்கிப் பார்த்தான். பந்து புள்ளிக்கும் கோலுக்கும் நடுவில் வந்து களைத்துப்போய் நின்றிருந்தது. தாளாளர் ஸ்டிக்கைத் தூக்கியபடியே இருந்தார். புகைப்படக்காரர் ஒரு கண்ணை மூடியபடியே இருந்தார். மாணவர் கூட்டத்தில் எங்கோ ஒரு விசில் கிளம்பப் பார்த்தது.

"டேய், எழுந்து போய் உள்ள தள்ளுடா!" என்று பக்தவச்சலம் அடிக்குரலில் உறுமினார். ஒலிபெருக்கியை அணைக்க மறந்திருந்ததால் அது சேலையூர் முழுக்கக் கேட்டது.

பர்வேஸ் எழுந்தான். கனத்த பேடுகளும் கையில் ஸ்டிக்குமாகத் தடுமாறி நடந்து பந்தைத் தாண்டிப் போய், கோலைப் பார்த்துத் திரும்பி நின்றான். உள்ளே தள்ளச் சொல்லியிருந்தார்கள். ஆனால் அவனுக்குத் தள்ளத் தெரியாது. ஒரு காலை எடுத்து வைத்து மணிக்கட்டைத் திருப்பினான். பந்து தரையை விட்டு எழும்பி, ஆளில்லாத கோலின் மேல்மூலையில் போய்ச் செருகியது. மாணவர்களிடமிருந்து தன்னையறியாமல் ஒரு "ஓ!" வந்தது. அந்தப் பிற்பகலில் யாரும் சொல்லிக்கொடுக்காமல் வந்த ஒரே சத்தம் அதுதான். அதைச் சரவெடி உடனே மூடிவிட்டது.

"கோல்! தாளாளர் அடித்த கோல்!" என்று சிட்டிபாபு ஒலிபெருக்கியில் அலறினார். தாளாளர் இரண்டு கைகளையும் உயர்த்திக் காட்டினார். கண்ணில் நீர். அவருக்குச் சால்வைகள் குவிந்து முகம் மறைந்தது. கூட்டம் அடங்கியதும் சிட்டிபாபு அடுத்த சீசனுக்கான அறிவிப்புகளைத் தொடங்கினார்.

"தாளாளர் ஐயா இன்று முதல் நம் சங்கத்தின் நிரந்தரப் புரவலர்! அவருடைய மருமகன், அமெரிக்காவில் தொலைக்காட்சியில் ஐஸ் ஹாக்கி பார்த்த அனுபவம் உள்ளவர், அடுத்த சீசனில் நம் அணியின் இன்சைட் ஃபார்வர்டாக ஆடச் சம்மதித்திருக்கிறார்! தம்பி பர்வேஸ் மீதான தடை நீக்கப்படுகிறது. இவ்வளவு நன்றாக விழத் தெரிந்த ஒருவரைச் சாதாரண ஆட்டங்களில் வீணடிக்க எங்களுக்கு மனம் வரவில்லை. இனி சங்கத்தின் எல்லா விழாக்களுக்கும் அவரே நிரந்தரக் கோல்கீப்பர்!"

கைதட்டினார்கள். பர்வேஸுக்கு அது புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் நேராக மேடைக்கு நடந்தான். படியில் உட்கார்ந்து பேடுகளின் வார்களை ஒவ்வொன்றாக அவிழ்த்தான். ஜெபகுமார் கீழேயிருந்து, "மச்சான், அது என் பேடு மச்சான்" என்று தொடங்கி, அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். பர்வேஸ் பேடுகளை எடுத்துக்கொண்டு போய் பக்தவச்சலத்தின் நெஞ்சில் அழுத்தினான்.

"இனிமே நீங்களே கட்டிக்கினு நில்லுங்க சார். எனக்கு வேணாம். உங்க விழாவும் வேணாம், உங்க டீமும் வேணாம்."

பக்தவச்சலத்தின் கைகள் தாமாகவே நீண்டன. மேடையில் யார் எதை நீட்டினாலும் இரண்டு கையாலும் வாங்கிப் பழகிய கைகள் அவை. பேடுகளைப் பணிவாகப் பெற்றுக்கொண்டு, பர்வேஸின் கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, புகைப்படக்காரர் பக்கம் திரும்பிப் புன்னகைத்தார்.

"தம்பி பர்வேஸ் அவர்கள் தம்முடைய பேடுகளைச் சங்கத்துக்கு அன்பளிப்பாக வழங்கிக் கௌரவிக்கிறார்!" என்றது ஒலிபெருக்கி. மறுபடியும் கைதட்டல்.

"கையை வுடுங்க சார்" என்றான் பர்வேஸ்.

"இருப்பா, இருப்பா" என்றார் பக்தவச்சலம், புன்னகை கலையாமல், பல்லிடுக்கு வழியாக. "ஃபிளாஷ் இன்னும் வரலை."